செங்கோட்டை முதல் புனலூர் வரை: எல்லையூரில் சிறு தொழில்நுட்பக் கடை நடத்தும் முறை

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் கேமரா பொருத்துவது, நெட்வொர்க் இழுப்பது, பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுப்பது என்று தொழில் நடத்துபவருக்கு வாடிக்கையாளர்கள் மலையின் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர். இன்றும் கொள்வினை கொடுப்பினை, கடைத்தொடர்பு எல்லாம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை நீள்கிறது. ஆகவே ஆர்டர் கிடைப்பது பெரிய சிரமமில்லை. கிடைத்த ஆர்டரில் லாபம் தங்குவதுதான் சிரமம்.

லாபம் பெரும்பாலும் இரண்டாவது பயணத்தில்தான் போகிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். புனலூரில் ஒரு கடைக்கு நான்கு கேமரா, மொத்தம் 32,000 ரூபாய், உங்களுக்கு 18 சதவீதம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 5,760. வேலை முடிந்த மறுவாரம் “ஒரு கேமரா தெரியவில்லை” என்று அழைப்பு வருகிறது. போய்வர சுமார் 100 கிலோமீட்டர், டீசல் 750. இரண்டு பையன்களுக்கு ஒருநாள் கூலி 1,800. சாப்பாடு, டீ 300. மொத்தம் 2,850. லாபத்தில் பாதி அந்த ஒரே நடையில் தீர்ந்தது, அன்றைக்கு உள்ளூரில் முடித்திருக்கக்கூடிய வேலையும் தவறியது. இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது நடையைத் தவிர்க்கும் வழிகள்தான்.

ஆர்டர் வாங்கும் முன்

வாட்ஸாப்பில் வந்த கடைப் படத்தைப் பார்த்து விலை சொல்லக்கூடாது. நேரில் போக முடியாவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவரை அனுப்பி, ஒரே ஒரு தாளை நிரப்பி வாங்குங்கள். அதில் இவை இருந்தால் போதும்.

கேபிள் போகும் பாதையின் நீளம். நேர்கோட்டுத் தூரம் உதவாது. சுவரில் ஏறி, உத்தரத்தைச் சுற்றி, ரெக்கார்டர் வைக்கும் இடம் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். நெட்வொர்க் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். அதில் நிரந்தரமாக இழுப்பது 90, இரு முனைகளின் பேட்ச் கார்டுக்கு 10. 85 மீட்டரைத் தாண்டினாலே நடுவில் ஒரு ஸ்விட்ச் வைப்பதா, ஃபைபர் போடுவதா என்று அப்போதே முடிவெடுங்கள்.

மின்சாரம். பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் மல்டிமீட்டரில் பார்த்து எழுத வேண்டும், கடையில் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் ஓடும்போது. முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரல்-எர்த் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகே உங்கள் பொருளை மாட்டுங்கள். எர்த்தே இல்லாத பழைய கட்டடங்கள் இரண்டு பக்கமும் ஏராளம்.

இணையம். பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது வழக்கமான தவறு. முதலாளி வெளியூரிலிருந்து கேமரா பார்க்கத் தேவை பதிவேற்ற வேகம். சிறிய படம் ஒரு கேமராவுக்கு 512 கேபிபிஎஸ் என்றால் நான்கிற்கு 2 எம்பிபிஎஸ் தங்குதடையின்றி வேண்டும். சிம் போட்ட ரூட்டரிலும் பல ஃபைபர் இணைப்புகளிலும் தனி பொது ஐ.பி. (வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய இணைய முகவரி) கிடைப்பதில்லை. அங்கே ரூட்டரில் போர்ட் திறந்து வெளியிலிருந்து நேரே ரெக்கார்டருக்குள் நுழையும் பழைய முறை வேலை செய்யாது. கம்பெனியின் கிளவுட் வழியாகப் பார்க்கும் வசதியுள்ள ரெக்கார்டரே வேண்டும். கழுதுருட்டிப் பக்கம் மலைச்சரிவில் எந்த சிம் எடுக்கிறது என்பதையும் கடை இருக்கும் இடத்திலேயே நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாலையில் எடுக்கும் சிக்னல் கட்டடத்துக்குள் இருப்பதில்லை.

பகலில் ஓடி இரவில் அணையும் கேமரா

திரும்பத் திரும்ப அழைப்பு வரும் புகார் இது. காரணம் பெரும்பாலும் கேமராவில் இல்லை, கேபிளில் இருக்கிறது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூடுகிறது. 12 வோல்ட் கேமரா ஒன்று இரவில் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 60 மீட்டர் தூரம், 24 கேஜ் சுத்தச் செம்புக் கம்பி ஒரு ஜோடி என்றால் போக வர சுமார் 10 ஓம். அரை ஆம்பியருக்கு 5 வோல்ட் வழியிலேயே போய்விடும். கேமராவுக்குச் சேர்வது 7 வோல்ட், அதில் அது எழாது. பகலில் மின்னோட்டம் குறைவு என்பதால் பொருத்திய அன்று எல்லாம் சரியாகவே தெரியும்.

கேபிள் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். விலை குறைவு, பெட்டியின் மேல் எழுத்து ஒன்றுபோலவே இருக்கும், வாங்கும்போது தெரியாது. முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். எடையும் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் மலைக்கு அந்தப் பக்கம் போகும் வேலைக்கு இந்தக் கேபிளை எடுத்துப்போக வேண்டாம். ஒரு சுருளில் மிச்சமாகும் பணம் இரண்டாவது நடையில் போய்விடும்.

நிவர்த்தி எளிது. தூரக் கேமராவுக்கு இரண்டு மூன்று ஜோடிகளைச் சேர்த்துக் கட்டி மின்சாரம் அனுப்பலாம், அல்லது கேமராவின் அருகிலேயே அடாப்டர் வைக்கலாம். புது வேலை என்றால் நெட்வொர்க்கில் ஓடும் ஐ.பி. கேமராவும், அதே நெட்வொர்க் கேபிளில் மின்சாரத்தையும் அனுப்பும் பி.ஓ.இ. ஸ்விட்சும் போட்டுவிடுவது மேல். 48 வோல்ட் வாக்கில் அனுப்புவதால் இழப்பு குறைவு. சாதாரண வகை ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், கேமராவுக்குச் சேருவது 12.95. கழுத்தைத் திருப்பும் பெரிய கேமராக்களுக்கு இது பற்றாது, 30 வாட் வகை வேண்டும். எதைச் செய்தாலும் வேலை முடித்துக் கிளம்பும் முன் லென்ஸைக் கையால் மூடி விளக்கை எரியவைத்து, கேமரா முனையில் வோல்ட் அளந்து தாளில் எழுதுங்கள்.

சி.சி.டி.வி. கேமராக்களுக்கு மத்திய மின்னணுத் துறை விதித்த பாதுகாப்புச் சோதனை 9.4.2025 முதல் கட்டாயம். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் இல்லாத பழைய சரக்கைச் சலுகை விலையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்

“ஒரு மாதம் இருக்கும்” என்று வாய்வார்த்தையில் சொல்லிவிட்டு, திருட்டு நடந்த பிறகு பத்து நாள்தான் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த வாடிக்கையாளர் மட்டுமல்ல, அவர் தெருவே போகும். கணக்கு இதுதான். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ்ஸில் பதிந்தால் நாளுக்கு 43.2 ஜி.பி. நான்கு கேமராவுக்கு 173 ஜி.பி. அப்படியானால் 1 டி.பி. டிஸ்க் ஆறு நாள்கூட வராது. படத்தை அதிகம் சுருக்கிப் பதியும் ஹெச்.265 முறையில் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் நான்கு கேமராவுக்கு 30 நாளுக்குச் சுமார் 2,600 ஜி.பி., அதாவது 3 டி.பி.க்கு நெருக்கமாக. 4 டி.பி. போடுங்கள். கொட்டேஷனில் டிஸ்க் அளவை மட்டும் எழுதாமல் நாள்கணக்கையும் எழுதுங்கள். கணினிக்கான சாதாரண டிஸ்க் இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கு வடிவமைத்ததல்ல. கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க் வாங்குங்கள்.

மழையும் மின்னலும்

மலைக்கு மேற்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கிழக்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. சித்திரை, ஐப்பசி மாதங்களில் மாலை இடிமின்னல் இரு பக்கமும் உண்டு. ஆகவே சர்வீஸ் ஆட்களுக்கு ஓய்வான பருவம் என்று ஒன்று கிடையாது.

ஈரத்தால் கெடுவது பெரும்பாலும் இணைப்பு முனை. கேமராவின் வால் இணைப்பை வெளியே தொங்கவிடாமல் தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி.66 தரப் பெட்டிக்குள் வைத்து, கேபிளைப் பெட்டியின் அடிப்பக்கம் வழியாக ஏற்றுங்கள். நுழையும் இடத்துக்கு முன் கேபிளைச் சற்றுத் தாழ்த்தி வளைத்துவிட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நுழைவுத் துளையை அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும். ரெக்கார்டர்களும் ஸ்விட்சுகளும் இவற்றாலும் சாகின்றன.

மின்னலில் போவதற்குத் தனிக் காரணம் உண்டு. கடைக்கும் பின்னாலிருக்கும் குடோனுக்கும் தனித்தனி எர்த். அருகில் இடி விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழும். இரண்டையும் இணைக்கும் செம்புக் கேபிள் இருந்தால் மின்னல் அதன் வழியாகப் பாய்ந்து இரு முனை ஸ்விட்சையும் எரிக்கும். சர்ஜ் புரொடெக்டர் ஓரளவுக்குத்தான் தாங்கும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் எந்த இணைப்பையும் உலோகக் கம்பி இல்லாத ஃபைபரில் போடுங்கள். செம்புக் கேபிளை ஃபைபரோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடியும் கொஞ்சம் ஃபைபரும் ஒரு ரெக்கார்டரின் விலையைவிடக் குறைவு.

உத்தரவாதத்தில் மின்னல் சேராது என்பதைப் பெரிய எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, கையெழுத்து வாங்குங்கள். கூடவே ஒரு நல்ல காரியமும் செய்யலாம். கடைக்குக் காப்பீடு இருந்தால், மின்கருவிகளுக்கு நேரும் மின்னல் சேதமும் அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் பொருத்திய ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணையும் பட்டியலிட்டு முதலாளியிடம் கொடுத்துவிட்டால், இழப்பீடு கேட்கும் நாளில் அது அவருக்குக் கைகொடுக்கும்.

இரண்டு மொழியில் பில்

பில்லிங் மென்பொருள் செய்பவர்கள் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையை ஒருமுறை பார்க்க வேண்டும். கேரளத்துக்கு லாரி கிளம்பும் நேரத்தில் கமிஷன் கடையில் ஒரு நிமிடம் நின்றால்கூடச் சத்தம் கிளம்பும். அங்கே இணையம் இருந்தால்தான் பில் வரும் என்ற மென்பொருள் ஒரு வாரம் தாங்காது. பில் கணினியிலேயே பதிந்து, இணையம் வந்ததும் மேலே ஏற வேண்டும். அப்படிச் செய்யும்போது இரண்டு கணினியும் ஒரே பில் எண்ணைப் போட்டுவிடும் ஆபத்து உண்டு. ஆளுக்கொரு முன்னெழுத்துடன் தனி வரிசை கொடுங்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் 16 எழுத்துக்கு மிகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது.

சிறிய தெர்மல் பிரிண்டர்களில் தமிழோ மலையாளமோ உள்ளேயே இருப்பதில்லை. எழுத்தை அப்படியே அனுப்பினால் கேள்விக்குறியும் கட்டங்களும் வரும். வரியைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். 58 மி.மீ. தாளுக்கு அகலம் 384 புள்ளி, 80 மி.மீ. தாளுக்கு 576. படமாக அனுப்பினால் அச்சு மெதுவாகும். தினமும் வரும் பொருள்பெயர்களை முன்கூட்டியே படமாக்கி வைத்துக்கொண்டால் வேகம் திரும்பும்.

இன்னொரு சிக்கல் தேடும்போது வரும். மலையாளச் சில்லெழுத்துகளுக்கு (உயிரொலி சேராமல் நிற்கும் மெய்களுக்கான தனி வடிவங்கள்) 2008-இல் யூனிகோட் 5.1 தனி இடம் கொடுத்தது. அதற்கு முன் மூன்று குறிகளைச் சேர்த்து எழுதினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ராஜன், மோகனன் என்று ‘ன்’-இல் முடியும் ஆண் பெயர்கள் எல்லாமே சில்லில் முடிபவை என்பதால், பழைய பட்டியலை ஏற்றினால் பாதிப் பேர் தேடலில் கிடைக்க மாட்டார்கள். ஒரே எழுத்தின் வேறுவேறு வடிவங்களை ஒன்றாக்க யூனிகோட் தரும் வழக்கமான சமன்படுத்தல் இதைச் சரிசெய்யாது. சேமிக்கும்போதே பழைய வடிவைப் புதியதாக மாற்றும் வரிகளை நீங்கள்தான் எழுத வேண்டும். தமிழில் ‘கொ’ போன்ற எழுத்துகளில் வரும் இதே மாதிரிச் சிக்கலுக்கு அந்தச் சமன்படுத்தல் போதும். எப்படியும் வாடிக்கையாளரை அடையாளம் காணக் கைப்பேசி எண்ணையே ஆதாரமாக வையுங்கள்.

எந்த வரி, எந்தச் சலான்

எல்லை தாண்டிப் பொருள் விற்றால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவே முடியாது. தொடக்கத்தில் செலவு குறைவு என்று அதில் சேர்ந்து, பிறகு புனலூர் ஆர்டரை விடுபவர்கள் உண்டு. பொருள் விற்காமல் சேவை மட்டும் தருபவருக்கு 20 லட்சம் வரை விலக்கு.

தமிழ்நாட்டுப் பதிவெண் 33-இல் தொடங்கும், கேரளத்தினுடையது 32. மென்பொருளில் இந்த முதல் இரு இலக்கத்தை மட்டும் பார்த்து வரியைத் தீர்மானித்தால் பொருத்தும் வேலையில் பிழை வரும். இடத்திலேயே பொருத்திக் கொடுக்கும் பொருளுக்குப் பொருத்தும் இடமே வழங்கல் இடம். புனலூர் வியாபாரி தன் செங்கோட்டை குடோனுக்குக் கேமரா போடச் சொன்னால், அவர் எண் 32 ஆனாலும் பில் 9+9 (மத்திய, மாநிலப் பங்குகள்) என்ற தமிழ்நாட்டு வரிதான். தமிழ்நாட்டில் பதிவு இல்லாவிட்டால் அந்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் அவரால் கழித்துக்கொள்ள முடியாது. இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், பணம் தரும்போது சண்டை வராது. பதிவில்லாத கேரள வாடிக்கையாளர் கடைக்கு வந்து வாங்கினால், 1.10.2023 முதல் பில்லில் எழுதும் முகவரிதான் கணக்கு: கேரளம் என்று எழுதினால் மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. 18, முகவரியே எழுதாவிட்டால் தமிழ்நாட்டு வரி. தவறான தலைப்பில் வரி கட்டிவிட்டால் சரியான தலைப்பில் மீண்டும் கட்டி, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம், வட்டி இல்லை. ஆனால் பணம் மாதக்கணக்கில் முடங்கும்.

மாநிலம் தாண்டும் சரக்கு வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள் இந்த எல்லை 1 லட்சம். அந்த நினைப்பில் 70,000 ரூபாய் சரக்கோடு எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டுபவர்கள் மாட்டுகிறார்கள். பழைய வணிகவரிச் சோதனைச்சாவடி 2017-இல் போய்விட்டாலும் பறக்கும் படை உண்டு. பிடிபட்டால் வரியைப் போல இரு மடங்கு அபராதம். சர்வீஸுக்குப் போகும்போது எந்த உதிரி தேவைப்படும் என்று தெரியாமல் நான்கைந்து எடுத்துப்போவது வழக்கம். அதற்கு டெலிவரி சலான் (இன்னும் விற்காத சரக்கை எடுத்துப்போகும் சீட்டு) மூன்று நகல் எழுதி, ஒன்றை வண்டியில் வையுங்கள். எது விற்றதோ அதற்கு அங்கிருந்தே பில் போடுங்கள்.

காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு கொடுக்கும் முறையில் இருந்தாலும் பெரிய வாடிக்கையாளர்களின் பில்லை மாதந்தோறும் 13-ஆம் தேதிக்குள் ஏற்றும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். அவருக்கு வரிக்கழிவு அந்த மாதமே கிடைக்கும், உங்கள் பணமும் விரைந்து வரும்.

பணம்

ஆர்டரோடு 50 சதவீதம், பொருள் இறங்கியதும் 40, ஓடிக் காட்டியதும் 10. கடைசிப் பத்தைத் தாண்டி எதையும் பாக்கி விடாதீர்கள். மலைக்கு அப்பால் வசூலுக்குப் போவதும் ஒரு நடைதான். ஓணத்துக்கு முன் கேரளக் கடைகளின் பணம் எல்லாம் சரக்கில் முடங்கியிருக்கும். அந்த வாரங்களில் வேலையை எடுத்தாலும் தவணைத் தேதியை ஓணத்துக்கு முன்பே முடியும்படி எழுதுங்கள்.

சுமை கூலியையும் கணக்கில் வையுங்கள். இன்வெர்ட்டருக்கான 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும். கேரளத்தில் சுமை இறக்குபவர்களுக்குச் சட்டப்படி பதிவும் கூலி விகிதமும் உண்டு. சுமை தூக்காமல் பார்த்து நிற்பதற்கே கேட்கும் நோக்குக்கூலியை அங்குள்ள அரசு 2018 மே 1 முதல் தடைசெய்தது. இறக்குக் கூலி வாடிக்கையாளர் பொறுப்பு என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி போடுங்கள்.

சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், உடனே செய்யுங்கள். சிறு, குறு தொழிலுக்குப் பணம் தருபவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாக. ஆனால் பொருளை வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, சேவைக்கும் உற்பத்திக்கும்தான். எனவே பொருத்துக்கூலி, ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்), மென்பொருள் கட்டணம் ஆகியவற்றைப் பொருள் விலையோடு கலக்காமல் தனி பில்லாகப் போடுவது நல்லது.

ஏ.எம்.சி. இரண்டு வகை: உதிரி சேர்ந்தது, உழைப்பு மட்டும். மலைக்கு அப்பால் உழைப்பு மட்டும் உள்ளதையே கொடுங்கள். வருடத்துக்கு எத்தனை நேரடி வருகை என்பதை எண்ணாக எழுதுங்கள். தொலைவிலிருந்து சரிசெய்வதற்கு எல்லை வைக்க வேண்டாம். அதனால் உங்களுக்குச் செலவில்லை, வாடிக்கையாளருக்கு நிம்மதி.

ஆட்கள்

தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் அங்கே போகத்தான் பார்ப்பார்கள், அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பளத்தில் போட்டியிடாமல், ஐ.டி.ஐ. முடித்த எலெக்ட்ரீஷியன் பையன்களை எடுத்து நெட்வொர்க் சொல்லிக்கொடுங்கள். கணினி படித்தவருக்கு ஏணி ஏறக் கற்றுக்கொடுப்பதைவிட இது சீக்கிரம் நடக்கும்.

புனலூர்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரீஷியனோடு நடைக்கு இவ்வளவு என்று பேசி வைப்பது ஆள் சேர்ப்பதைவிட முக்கியம். அடாப்டர், பேட்ச் கார்டு, ஒரு சின்ன ஸ்விட்ச், கனெக்டர்கள் அடங்கிய பெட்டி ஒன்று அவரிடம் இருக்கட்டும். அவர் கடையில் நிற்க, நீங்கள் வீடியோ அழைப்பில் சொல்ல, பெரும்பாலான புகார்கள் அங்கேயே தீரும். அட்மின் பாஸ்வேர்டு மட்டும் அவரிடமும் வேண்டாம், உங்கள் பையன்களின் கைப்பேசியிலும் வேண்டாம். எழுதி உறையிலிட்டு ஒட்டி முதலாளியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வேலையை விட்டுப் போனவரிடம் பாஸ்வேர்டு சிக்கினால் ரெக்கார்டரை ரீசெட் செய்யவே மலை ஏற வேண்டிவரும்.

அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள் 40, 50 என்று சேர்ந்த பிறகு புனலூரில் ஒரு குடோன் பிடிக்கத் தோன்றும். சரக்கு அங்கே தங்கி அங்கிருந்தே விற்பனையானால் கேரளத்தில் தனி ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டும்: அதே பான் எண், வேறு பதிவெண், தனிக் கணக்குத் தாக்கல். செங்கோட்டையிலிருந்து உங்கள் சொந்தக் குடோனுக்கு அனுப்பும் சரக்குக்கும் ஐ.ஜி.எஸ்.டி. பில் போட வேண்டும். அந்த வரியைப் புனலூர்க் கிளை முழுதும் கழித்துக்கொள்ளும் என்பதால் நீங்கள் போடும் விலையே ஏற்கப்படும். கணக்கருக்கு மாதக் கூலி இரண்டாகும். அந்தக் கூலியும் குடோன் வாடகையும் சேர்ந்த தொகையை இப்போது மாதம் எத்தனை நடைக்குச் செலவழிக்கிறீர்கள் என்பதோடு வைத்துப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.